ஏ.டி.க்கு எடுத்த ஆரத்தி

தனியாக இருக்கிறவன் ஒரு பொருள் வாங்கக் கிளம்பினால் லேசில் வாங்கிவிட மாட்டான். வாங்கிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். விசாரிக்கிறவரைதான் கடைக்காரர் நம்மை உட்கார வைத்து டீ சொல்லுவார். வாங்கி முடித்தவனை யார் உட்காரச் சொல்கிறார்கள்? இந்த உண்மையை நான் என் பிக்கப் வண்டிக்கு நான்கு டயர் வாங்கப் போய்க் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

எனக்குப் பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். விடிந்ததும் ஏலக் கொட்டகையில் இறால், நண்டு, மீன் என்று ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரி வழியாக மீஞ்சூர் போவேன். மதியம் காலிப் பெட்டிகளோடு திரும்புவேன். நைனா (அப்பாவை எங்கள் பக்கத்தில் இப்படித்தான் கூப்பிடுவோம்) போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் ஆகவில்லை. மாப்பிள்ளை சொந்த வண்டி வைத்திருக்கிறார் என்றதும் பெண் வீட்டார் முகம் மலரும். என்ன வண்டி என்று மூக்குக்குத் தெரிந்ததும் வாடும். நாற்பதைத் தாண்டிய பிறகு தரகரே என்னைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவார். என் அக்கா விஜயா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. மாமாவுக்கு மீஞ்சூரில் கம்பெனி வேலை, ரயிலுக்கு வசதி என்று அனுப்பம்பட்டில் குடியிருந்தார்கள். அங்கிருந்தபடியே எனக்காக வேண்டாத சாமி இல்லை.

டயர் விவகாரம் ஒரு மழைநாளில் தொடங்கியது. படகு ஒதுங்கும் இடத்துச் சேற்றில் வண்டி சிக்கிக்கொண்டது. டயர் நான்கும் மொட்டை. நண்டு வாங்க வந்த பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார்கள். நான் நன்றியுணர்ச்சியோடு ஆக்ஸிலரேட்டரை அழுத்த, அத்தனை பேர் மேலும் கறுப்புச் சேறு அபிஷேகம் ஆனது. அவர்கள் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. நல்ல டயர் போட்டுவிட்டுத்தான் இனி இவர்கள் முகத்தில் விழிப்பது என்று முடிவெடுத்தேன்.

பொன்னேரியில் டயர் கடை வைத்திருக்கும் பாய் பொறுமையாக விளக்கினார். தார் ரோட்டுக்கு எச்.டி., சேற்றுக்கு எம்.டி., இரண்டுக்கும் நடுவில் ஏ.டி. என் ஓட்டத்தில் முக்கால்வாசி தார் ரோடு, கால்வாசி மணலும் சேறும். எம்.டி. போட்டால் டயர் மேல் புடைத்திருக்கும் பட்டன் பெரிதாக இருக்கும், சேற்றில் பிடிக்கும், ஆனால் தினமும் தாரில் ஓடினால் சீக்கிரம் தேய்ந்துவிடும், சத்தமும் காதைக் கிழிக்கும். எச்.டி. தாரில் அலுங்காமல் போகும், சேற்றில் மறுபடி பெண்கள்தான் தள்ள வேண்டும்.

“ஏ.டி. போட்டுக்க தம்பி. பேஜாரே இல்ல” என்றார்.

அவ்வளவுதான் விஷயம். டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நியாயமாக அங்கேயே மாட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். யோசிக்க எதுவும் இல்லை. நைனாவின் காரியம் முடிந்து சனம் கலைந்த பிறகு, என்னோடு எதிரில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசிய முதல் ஆள் அவர்தான். அதை அன்றே முடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

மறுநாள் சாயங்காலத்திலிருந்து பாய்க்குப் போன் போட ஆரம்பித்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் ரப்பர் கெடுமா, ஐஸும் மீனுமாய் முழு லோடு ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் தாங்குமா, மணலில் இறங்கும்போது காற்றை எவ்வளவு குறைக்கலாம், டீசல் கூடுதலாகக் குடிக்குமா என்று தினம் ஒரு சந்தேகம். உண்மையான சந்தேகங்கள் தீர்ந்துபோனதும் வெளிநாட்டுக்காரர்கள் மலையில் வண்டி ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துப் புதிய சந்தேகங்கள் தயாரித்தேன். பனிக்கட்டியில் ஏ.டி. வழுக்குமா என்று ஒருநாள் கேட்டேன்.

“பழவேற்காட்ல ஐஸ் உன் பொட்டியில மட்டும்தான் தம்பி கீது” என்றார் பாய். கோபப்படவில்லை. அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் டீ கிளாஸ் வைக்கும் சத்தமும் கேட்கும். அதைக் கேட்கத்தான் நான் போன் போட்டேன்.

என் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. ஏலக் கொட்டகைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் பக்கத்தில் நின்று கத்தினால்தான் பேச முடியும். அந்தப் படகு நிழலில் வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டு தேசம்மா சின்னம்மா. பாய் பேசுவது அவருக்குக் கேட்காது. நான் பேசுவது அடுத்த குப்பத்துக்கே கேட்கும். அவர் காதில் விழுந்தவை இவை: ‘எனக்கு ஏடிதான் வேணும் பாய், வேற எதுவும் மனசுக்குப் புடிக்கல.’ ‘சத்தம் அதிகம்னா இன்னா, வூடே சத்தமில்லாம கெடக்குது.’ ‘ஏடி எப்ப வரும்?’ ‘எம்.டி.லாம் நமக்கு ஒத்துவராது, வேணாம்னு சொல்லிடுங்க.’

எங்கள் ஊரில் ஒருவன் ஒருத்தியை ‘ஏடி’ என்று சொன்னால் அவள் அவனுக்கு யார் என்று விளக்க வேண்டியதில்லை. நான்கு நாளில் குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. செல்வத்துக்குப் பொன்னேரிப் பக்கம் ஒருத்தி அமைந்துவிட்டாள், ஒரு பாய் பேசி முடிக்கிறார், இவன் அவளை வாய்க்கு வாய் ஏடி என்கிறான். அதைவிடப் பெரிய செய்தி, எம்.டி. படித்த டாக்டர் பெண் ஒன்று வலிய வந்தும் அவளுக்காக இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். (மீன் வண்டிக்காரனுக்கு எந்த டாக்டர் வரிசையில் நிற்கிறாள் என்று ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.)

எனக்கு ஒன்றும் தெரியாது. ஊர் திடீரென்று என்மேல் பிரியமாகிவிட்டது மட்டும் தெரிந்தது. சேறு வாங்கிய பெண்கள் சிரித்தார்கள். ஏலம் விடுகிறவர் வலிய வந்து, வீட்டுக்கு வெள்ளை அடித்துவிடு, முதலில் சமையல்கட்டு என்றார். தேசம்மா சின்னம்மா ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொண்டுவந்து வைத்துவிட்டு, உடனே போகாமல் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

“எப்ப வர்து?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழம சின்னம்மா. மெட்ராஸ்லருந்து வரணும்.”

“பாத்துக் கூட்டினு வா” என்றார். டயருக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். வாசலில் ஆள் நடமாட்டம் இருந்தது. போகிறவர்கள் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். நல்ல டயர் ஒரு மனிதனுக்கு எவ்வளவு மரியாதை சேர்க்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“ஊர்ல சொல்றது நெசமாடா?”

“நெசந்தான்கா. முடிவு பண்ணிட்டேன்.”

“பாய் மூலமாவா?”

“ஆமாக்கா. பாய்தான் எல்லாம். அவருதான் எனக்கு ஏத்தது எதுன்னு பாத்து சொன்னாரு.”

அக்கா நினைத்தது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பாய் வீட்டுப் பெண் என்று நினைத்துவிட்டாள். எங்கள் சனத்தில் அது சின்ன விஷயம் இல்லை. மாமா வீட்டில் என்ன சொல்வார்கள், பஞ்சாயத்தில் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்திலேயே அவள் யோசித்து முடித்திருக்க வேண்டும்.

“எதுவா இருந்தா இன்னாடா” என்றாள். “உனக்குப் புடிச்சிருக்குல்ல. யாரு இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன். நீ தனியா கெடக்காம இருந்தா போதும்.”

டயர் விஷயத்தில் அக்கா இவ்வளவு உறுதியாக இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண் கலங்கி, தாங்க்ஸ்கா என்றேன். அந்தப் பக்கம் அவளும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை பாய் நான்கையும் மாட்டி, காற்றுப் பார்த்து, ரோட்டுக்கும் மணலுக்கும் எவ்வளவு என்று இன்னொரு முறை சொல்லி அனுப்பினார். பாலம் ஏறும்போது டயர் ‘ம்ம்ம்’ என்று ஒரே ராகத்தில் முனகியது. எனக்கு அது பிடித்திருந்தது. என் தெருவில் திரும்பியதும் வாசலில் கூட்டம். கோலம். வாழை இலைக்கட்டு. அண்டா நிறைய எதுவோ கொதித்துக்கொண்டிருந்தது. பட்டுப் புடவையில் அக்கா கையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார்.

இதுவரை என் வாழ்க்கையில் நடந்த எதையும் யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை. மெதுவாக வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கி, கையை விரித்து, “எப்டி கீது?” என்றேன்.

ஒருவரும் டயரைப் பார்க்கவில்லை. அக்கா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவருகே போய் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டில் என் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன.

“எங்கடா?” என்றாள்.

“யாரு?”

“ஏடி, ஏடின்னியே” என்றார் தேசம்மா சின்னம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து முன் டயரின் பக்கச் சுவரைத் தொட்டுக் காட்டினேன். புதுப்புது வெள்ளை எழுத்தில் ஆங்கில ஏ, ஒரு சாய்கோடு, அப்புறம் டி. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். எம்.டி. என்றால் என்ன என்பதையும் அவர் கேட்டார், சொன்னேன். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஏரி அப்படியே ஊருக்குள் வந்து என்னை மட்டும் இழுத்துக்கொண்டு போகாதா என்றிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வண்டிக்கு முன்னால் போய் நின்று தட்டை மூன்று சுற்று சுற்றினாள். ஆரத்தியைத் தொட்டு நான்கு டயருக்கும் குனிந்து குனிந்து பொட்டு வைத்தாள். நான்காவது டயரில் எழுந்தபோது அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து ஊரே வெடித்துச் சிரித்தது. அவள் எதற்குக் குலுங்கினாள் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

சமைத்ததை வீணாக்க முடியாது. பந்தி நடந்தது. எல்லோரும் வயிறு நிறையத் தின்று, கண்ணில் நீர் வரச் சிரித்து, அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அக்காவும் பொன்னேரி போய்க் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினாள். உள்ளே போய்ப் பார்த்தேன். கட்டிலில் புது விரிப்பு போட்டு, இரண்டு புதுத் தலையணை வைத்திருந்தாள். அவமானமெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது. இல்லாத ஒருத்தி வராமல் போனதற்காக உட்கார்ந்து அழுதேன். என்னைப் போன்ற முட்டாள் அந்தக் கரையில் வேறு எவனும் இருக்க மாட்டான்.

டயர் நன்றாகத்தான் உழைக்கிறது. சேற்றில் சிக்குவதில்லை, டீசல்தான் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. வண்டிக்கு ஊர் வைத்த பெயர் அண்ணி. ‘அண்ணி இன்னிக்கி லேட்டு’, ‘அண்ணி மேல சேறு’ என்பார்கள். ஒருமுறை பஞ்சரானபோது ஏலக் கொட்டகையில் அண்ணியின் உடம்பை விசாரிக்காதவர் இல்லை. அக்கா பிள்ளைகள் அதை அத்தை என்கிறார்கள்.

அக்கா இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். எடுத்ததும், “இன்னாடா, ரெண்டு பேரும் சாப்டீங்களா?” என்பாள். “சாப்ட்டோம்கா” என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். ஒருநாள் ஏதோ யோசனையில், “சாப்ட்டேன்கா” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நான் மறக்காமல் சாப்ட்டோம் என்றே சொல்கிறேன்.