உண்ணாமலை ஏன் விளக்கைப் போட்டாள்?

உட்பொருள்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதையில் ஒருவன் தும்மினால் உங்களுக்கும் எனக்கும் அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது. உட்பொருள்காரருக்கோ அது அதிகாரத்துக்கு எதிராக உடல் நடத்தும் கலகம். நாயகி ஜன்னலைத் திறந்தால் விடுதலை, மூடினால் ஒடுக்குமுறை, பாதி திறந்து வைத்தால் நடுத்தர வர்க்கத்தின் தடுமாற்றம். ஜன்னலே இல்லாத வீடு என்றால் கேட்கவே வேண்டாம், நாற்பது நிமிடம் பேசுவார். மழை பெய்தது என்றால் மழை பெய்தது என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

இவர்கள் பிறக்கும்போதே இப்படிப் பிறப்பதில்லை. நம்மைப் போலத்தான் பிறக்கிறார்கள், பால் குடிக்கிறார்கள், கதை கேட்டால் "அப்புறம்?" என்கிறார்கள். பிறகு யாரோ ஒருவர் இவர்களைக் கெடுத்துவிடுகிறார். எப்படி என்று தெரிய வேண்டுமானால் நந்தகுமாரைப் பாருங்கள்.

நந்தகுமார் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் இளங்கலை மூன்றாம் ஆண்டு. அப்பா, அம்மா இருவருக்கும் மோகனூர் சாலையில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை, குடியிருப்பும் பண்ணைக்குள்ளேயே. முதன்முதலாகத் திறனாய்வுக் கட்டுரை எழுதச் சொன்னபோது இந்த அப்பாவிப் பிள்ளை கதையை இரண்டு முறை படித்து, இரண்டாம் முறை கண் கலங்கி, "மாமியார் யாருக்கும் தெரியாமல் மருமகளுக்குச் சோறு எடுத்து வைக்கும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது" என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டான். பேராசிரியர் சிவபிரகாஷ் இருபத்தைந்துக்கு ஆறு போட்டார். ஓரத்தில், "அழுகை ஆய்வு ஆகாது" என்றும் எழுதினார். பத்து எடுத்தால்தான் தேர்ச்சி.

அந்த ஆறு மதிப்பெண் பையனைப் பாடாய்ப் படுத்தியது. நூலகத்துக்குப் போனான். முந்தைய ஆண்டுகளில் இருபது, இருபத்திரண்டு என்று வாங்கியவர்களின் கட்டுரைகளைத் தூசி தட்டி எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து படித்து, ரகசியத்தைக் கண்டுபிடித்தான். முதல் பத்தியில் இலக்கியம் சமூகத்தின் கண்ணாடி என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பத்தியில் வாயில் நுழையாத பெயருள்ள வெளிநாட்டு அறிஞர் இருவரை அழைத்து வர வேண்டும், அவர்களைப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன்பிறகு கதையில் கிடக்கிற சொம்பு, செருப்பு, துடைப்பம் ஒவ்வொன்றையும் எடுத்து அதன் தலையில் ஒரு தத்துவத்தை ஏற்ற வேண்டும். எட்டாம் பக்கம் வந்ததும் "ஆக" என்று போட்டு முடித்துவிட வேண்டும். முக்கியமாக, "எனக்கு" என்ற சொல் எங்கேயும் வரக்கூடாது. அழுகை வந்தால் ஆய்வாளருக்கு வரலாம்.

பயிற்சி வீட்டிலேயே தொடங்கியது. அம்மா சௌந்திரம் சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்:

"ஏஞ்சாமி, ரசத்துல உப்பு இருக்குதா?"

"உப்பு இல்லாததுங்கூட ஒரு செய்திதாம்மா."

"செய்திய அப்பறம் கேட்டுக்கறேன். உப்பு இருக்குதா, இல்லியா?"

இல்லை. அதைச் சொல்ல அவனுக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

இப்போது இரண்டாம் வாய்ப்பு. கடைசி வாய்ப்பும் அதுதான். இதிலும் பத்து வரவில்லை என்றால் இந்த ஆண்டு பி.எட். விண்ணப்பம் போட முடியாது. மகன் வாத்தியாராகப் போகிறான் என்று சௌந்திரமோ ஏற்கெனவே பண்ணை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். தீவன லாரி ஓட்டுநர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

கட்டுரைக்குக் கொடுத்த கதையும் கோழிப்பண்ணைக் கதைதான். உண்ணாமலை என்று ஒரு பெண். தினமும் விடிவதற்கு முன் எழுந்து கோழிக் கொட்டகையில் விளக்கைப் போடுவாள். பிறகு பொழுது சாயும்வரை முட்டை பொறுக்குவாள். ஒருநாள் முதலாளி, "நாளையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே விளக்கைப் போடு" என்கிறார். மறுநாள் போடுகிறாள். கதை அவ்வளவுதான்.

நந்தகுமார் பாய்ந்துவிட்டான். எட்டுப் பக்கம். விளக்கு விடியலின் குறியீடு; முட்டை எதிர்காலத்தின் கருவறை; கூண்டு மரபின் சிறை; முதலாளியின் வழுக்கைத் தலைகூடத் தப்பவில்லை, அது வெறுமை ஆயிற்று. மகுடமாக ஒரு வரி: "விளக்கை ஏற்றும் அக்கணத்தில் உண்ணாமலை தன் விடுதலையைத் தானே ஏற்றிக்கொள்கிறாள்." எழுதி முடித்துவிட்டு அவனே அதை மூன்று முறை படித்துப் பார்த்தான். புல்லரித்தது.

மறுநாள் கொடுத்தாக வேண்டும். முந்தின நாள் மாலையில் கல்லூரி முடிந்து மோகனூர் பேருந்தில் வரும்போது, உடன் படிக்கும் தீபிகாவிடம் பெருமையாக நீட்டினான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏப்பா நந்து, உங்க பண்ணையில காலைல லைட்டு போடறது யாரு?"

"நாந்தான். டைமர் கெட்டுப் போயி ஒரு வருசமாச்சு. நாலு மணிக்குப் போடுவேன்."

"எதுக்குப் போடற?"

"இதென்ன கேள்வி? கோழி முட்டை வெக்கோணுமில்ல. பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருந்தாத்தான் ஒழுங்கா வெக்கும். இருட்டுலயே லைட்டப் போட்டம்னா விடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கும்."

"ஓ. அப்ப உண்ணாமலை எதுக்குப் போட்டா?"

நந்தகுமார் கட்டுரையைத் திரும்ப வாங்கி, விளக்கு வரும் பக்கத்தைப் புரட்டினான். நடத்துநர் வந்து சீட்டு கேட்டது அவன் காதில் விழவே இல்லை.

கேட்கிறேன், இந்தத் தப்பை வேறு யாராவது செய்ய முடியுமா? சென்னையில் இருக்கும் ஒரு பிள்ளை விளக்கை விடியல் என்று எழுதினால் மன்னிக்கலாம், பாவம், அது கோழியைத் தட்டில்தான் பார்த்திருக்கும். இவன் தினமும் தன் கையால் அந்தச் சுவிட்சைத் தட்டுகிறவன். காகிதத்தை எடுத்ததும் அந்தக் கையையே மறந்துவிட்டான்.

மறுநாள் காலை நாலு மணிக்கு வழக்கம்போல விளக்கைப் போட்டான். கொட்டகை முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவியது. ஆயிரக்கணக்கான கோழிகள் தலையைத் தூக்கின, அத்தனையும் நம்பின. கொஞ்ச நேரத்தில் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அம்மா கொண்டையை முடிந்தபடி வந்து, நேற்று அடுக்கிய முட்டை அட்டைகளை எண்ணத் தொடங்கினாள். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் அவன் நின்று பார்த்தான். தீவன மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினான்: "இந்தக் கதையில் விடியவே இல்லை. கோழிக்குப் பொய்யாக ஒரு பகலைக் காட்டுகிறார்கள். அந்தப் பகலைக் காட்டுகிறவளுக்கும் அதே பகல்தான். இது எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டில் விளக்கைப் போடுகிறவன் நான். வெளிச்சத்தைப் பார்த்து எழுந்து வருகிறவள் என் அம்மா."

இரண்டரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தான், நீளவில்லை.

பையில் இரண்டு கட்டுரைகளோடு பேராசிரியர் அறைக்குப் போனான். கை எட்டுப் பக்கத்தைத்தான் முதலில் தொட்டது. உங்கள் கையும் அதைத்தான் தொட்டிருக்கும். பி.எட். இருக்கிறது, அம்மா இருக்கிறாள், தீவன லாரி ஓட்டுநர் வேறு இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டரைப் பக்கத்தை எடுத்து நீட்டினான்.

"என்னப்பா இது, ரெண்டரைப் பக்கம்?"

"அவ்வளவுதானுங்கய்யா இருந்துச்சு."

"இதுல குறியீடு எங்க?"

"தெரியலீங்கய்யா. லைட்டு மட்டுந்தானுங்க இருந்துச்சு."

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். போகச் சொன்னார்.

ஐந்து நாள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. பதினொன்று. ஓரத்தில் ஒரு சொல்கூட இல்லை; மதிப்பெண்ணை மட்டும் பச்சை மையில் எழுதி வட்டமிட்டிருந்தார். நந்தகுமார் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டு, "பாஸாயிட்டேம்மா" என்றான். உண்மையை எழுதியும் தேறிவிட்டோமே என்று அவனுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

திருந்திவிட்டான் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்த தீபிகாவிடம் தாளைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"ஏன் பச்சை? எப்பவும் சேப்புலதான போடுவாரு? பச்சைன்னா வளர்ச்சி. ஒருவேளை எங்கிட்ட ஒரு நம்பிக்கை..."

"சேப்புப் பேனா தீந்து போயிருக்கும். எந்திரி, பஸ்ஸு போயிரும்."

சிரிக்காதீர்கள். பச்சை மை என்று படித்தபோது உங்கள் மனம் ஒரு நொடி எங்கே போனது? வயல், வளம், பேராசிரியரின் மனமாற்றம் என்று ஏதோ ஒன்று தலைகாட்டவில்லை? காட்டியிருந்தால் பரவாயில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அதை எழுதி யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள், அது போதும்.