பைண்டரின் பஞ்சப்பாட்டு

புது ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து அச்சகத்துக்குள் நுழைந்தார் பைண்டர். மெஷின் ஓட்டுபவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, இந்த வெயில்ல நடந்தா வர்றீங்க?"

"பஸ்ஸுக்குக் குடுக்கக் கையில காசு ஏது தம்பி?"

யாரும் கைமாற்றுக் கேட்டுவிடக் கூடாதே என்று எப்போதோ ஆரம்பித்த பஞ்சப்பாட்டு. இப்போது அவரே நினைத்தாலும் நிற்பதில்லை. முதலாளியைக் கண்டால் சுருதி இன்னும் ஏறும். முதலாளி செருப்பைக் கழற்றுவதற்குள் வாடகை, விலைவாசி, பல்வலி வரை பாடி முடித்துவிடுவார்.

"நாளையிலருந்து நடக்காதீங்க. நானே வீட்டுக்கு வந்து ஏத்திக்கிறேன்."

"உனக்கெதுக்குப்பா சிரமம்?"

"என்ன சிரமம்? வர்ற வழிதானே!"

வருகிற வழியே இல்லை. மெஷின்காரர் வீடு நேர் எதிர்த்திசையில் இருந்தது.

மறுநாள் காலை மெஷின்காரர் வந்தபோது, வீட்டு வாசலில் ஸ்கூட்டர் பளபளவென்று நின்றது.

"யாரு வண்டிண்ணே?"

"அது... என் மச்சானோடது."

"அப்போ அவரையே எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இது இங்க நின்னா பாக்குறவங்க தப்பா நினைப்பாங்க. நம்பர் குடுங்க, நானே பேசுறேன்."

மச்சான் லேசுப்பட்டவன் இல்லை. அன்று மாலை மெஷின்காரர் பைண்டரைக் கொண்டுவந்து விடும்போது வாசலில் தயாராக நின்றான்.

"ஆமா, என் வண்டிதான். எங்க விட்டேன்னு தேடிக்கிட்டே இருந்தேன் மாமா!" என்று சாவிக்குக் கை நீட்டினான்.

பைண்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். முந்தின நாள்தான் டேங்கை நிரப்பியிருந்தார்.

அதன் பிறகு அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வாட்டத்தை அச்சகத்தாலும் தாங்க முடியவில்லை. ப்ரூஃப் பார்க்கும் பெண் தன் மதியச் சாப்பாட்டில் பாதியை அவர் முன்னால் வைத்தாள். மெஷின்காரர் தன் வீட்டுப் பழைய சைக்கிளைத் துடைத்து, டியூப் மாற்றி உருட்டிக்கொண்டு வந்தார்.

"இனிமே இது உங்களுதுண்ணே. முதலாளி கண்ணுல படுற மாதிரி முன்னாடியே நிறுத்துங்க."

சொந்த மச்சான் ஸ்கூட்டரைக் கொண்டுபோனான். யாரோ பெற்ற பிள்ளை சைக்கிள் கொடுக்கிறான். உண்மையைச் சொன்னால் இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாமல் அந்த சீட்டில் எப்படி உட்காருவது? பைண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை அன்புக்கு எந்த வகையிலும் தகுதியில்லாதவன் தான் என்று தோன்றியது.

"என்னை மன்னிச்சிருங்க!" என்று உரக்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் பாடினதெல்லாம் பொய். அந்த ஸ்கூட்டர் என்னோடது. எனக்கு ஒரு குறையும் இல்ல. உங்களை மாதிரி மனுஷங்க கிடைச்சதே எனக்குப் பெரிய சொத்து!"

ப்ரூஃப் பார்க்கும் பெண் பதறி ஓடிப்போய் முதலாளியின் அறைக் கதவைச் சாத்தினாள்.

"கத்தாதீங்கண்ணே, அவர் உள்ளதான் இருக்காரு! உங்க பாட்டைக் கேக்க முடியாமத்தான் வருஷா வருஷம் நம்ம எல்லாருக்கும் சம்பளம் ஏத்துறாரு. அவர் கண்ணுல உங்க புது வண்டி பட்டுடக் கூடாதுன்னு நாங்க எவ்வளவு பாடுபடுறோம் தெரியுமா?"