காது மெஷினுக்குப் பதிலாக வாங்கியவை

அன்பு மகள் சோனியாவுக்கு, கும்மிடிப்பூண்டியிலிருந்து உன் அப்பா இம்மானுவேல் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம். உன் அம்மா என்னைவிட நலம். அவள் குரல் எங்கள் இருவரையும்விட நலம் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். ஓசூரில் நீயும், மாப்பிள்ளை ஜோஷ்வாவும், பேத்தியும் சுகமாயிருக்கத் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறேன். முழங்கால் போடுவதில் கஷ்டமில்லை, திரும்ப எடுப்பதில்தான்.

முதலில் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். உன் அம்மா அதை உனக்குக் கூட்டிக் குறைத்துச் சொல்லியிருப்பாள். ஆராதனை முடியும் சமயம் பாஸ்டர் ஏதோ சொன்னார். அங்கங்கே சிலர் எழுந்து நின்றார்கள். சபையில் ஒருவர் எழுந்தால் நாமும் எழுவதுதானே மரியாதை? நானும் எழுந்து, கையைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். எல்லாரும் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். பாஸ்டர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. நீட்டிய கையை மடக்காமல் எனக்கும் சேர்த்தே சுகப்பிரசவத்துக்கு ஜெபித்து முடித்தார். வெளியே வந்ததும் உன் அம்மா கேட்ட ஒரே கேள்வி: “எத்தினி மாசம்யா?”

இதை வைத்துக்கொண்டு எனக்குக் காது போய்விட்டது என்று நீயும் அம்மாவும் மாப்பிள்ளையும் மூன்று பேர் கமிட்டி போட்டுத் தீர்மானித்துவிட்டீர்கள். சென்னையில் காது டாக்டரிடம் வருகிற சனிக்கிழமைக்கு மாப்பிள்ளை நேரமும் வாங்கிவிட்டாராம். காதில் மெஷின் வைக்க வேண்டியிருக்குமாம். மகளே, என் காதுக்கு ஒன்றுமில்லை. ஊரில்தான் எல்லாரும் மெதுவாகப் பேசப் பழகிவிட்டார்கள். நீயே போனில் வாயில் பஞ்சுமிட்டாய் வைத்துக்கொண்டு பேசுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். முந்தாநாள் வீடியோ காலில் பாப்பா முதன்முதலாகப் பேசினாளே, நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்களே, நானும் தட்டினேனா இல்லையா? அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அப்பனைச் செவிடன் என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் யோசித்துப் பார். நான் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு சிப்காட் பக்கம் போனால், மில்லில் என்னோடு இருந்தவர்கள் என்ன சொல்வார்கள்? நம் தெருவில் யார் எந்தக் கம்பெனியில் வேலை செய்தார் என்பதைக் குரலை வைத்தே சொல்லிவிடலாம். மாத்திரை கம்பெனிக்காரன் வீட்டில் பேசினால் அவன் மனைவிக்குக் கேட்கும். எங்களைப் போல ரோலிங் மில்லில் கம்பி உருட்டியவன் பேசினால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். அந்த இரைச்சலில் நாங்கள் வாயால் பேசியதே கிடையாது. இரண்டு விரல் காட்டினால் டீ. முஷ்டி பிடித்துக் கையை உயர்த்தினால் கிரேன் நின்றுவிடும். ரிட்டயர் ஆனபின் உன் அம்மாவிடமும் முஷ்டியை உயர்த்திப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை.

ஆகவே நான் வேறு வழி கண்டுபிடித்தேன். நீ வாங்கித் தந்த போனில், குறைந்த விலையில் வாழ்க்கையைச் சுகமாக்கும் பொருட்கள் என்று ஒரு வீடியோ வந்தது. அதில் பேசிய பையன் ரொம்பத் தங்கமானவன். அவன் சொல்வதெல்லாம் கீழே எழுத்தில் ஓடும். ஒரு மெஷினுக்கு ஆகிற காசில் கால்வாசி கூட ஆகாமல் முழுப் பிரச்சனையையும் தீர்த்துவிடலாம் என்று புரிந்துகொண்டேன். எப்படித் தீர்ந்தது என்று கேள்.

முதலில் வாங்கியது ஒயர் இல்லாத காலிங் பெல். நம் வீட்டுப் பழைய பெல் ரிப்பேர் என்று உனக்குத் தெரியும். அது ரிப்பேர் இல்லை என்று அம்மா சொல்கிறாள், அது அவளுடைய கருத்து. புது பெல்லை ஹாலில் நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டி, சத்தத்தை உச்சத்தில் வைத்தேன். ரொம்ப இனிமையான, மென்மையான சத்தம். கொசு தூரத்தில் போகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுத் திருமலை ஓடி வந்து, “இன்னா நைனா, ஊட்ல சைரன் வச்சிக்கினியா?” என்றான். பொறாமை. ஆனால் அவனுக்கும் அது பிடித்துப்போய், அதே பெல்லைத் தன் வீட்டுக்கும் வரவழைத்துவிட்டான். அங்கேதான் வந்தது வினை. இரண்டு பெல்லும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் போலிருக்கிறது. அவன் வாசலில் யாராவது அழுத்தினால் நம் வீட்டிலும் அடிக்கிறது. நம் வாசலில் அழுத்தினால் அவன் வீட்டிலும் அடிக்கிறது. திருமலை வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வந்தால் உன் அம்மா மாவுக் கையோடு ஓடிப்போய் கேட்டைத் திறக்கிறாள். நம் வீட்டுக்குக் கூரியர் வந்தால் திருமலை பனியனோடு ஓடி வருகிறான். ஒரே நாளில் இரண்டு பேரும் கேட்டுக்குக் கேட் நின்று முறைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் நாற்காலியில் நிம்மதியாக இருந்தேன். “பேசாம நாம ஊட்ட மாத்திக்கலாமா?” என்று திருமலை கேட்டான். உன் அம்மா, “வேணாம்ணே, ஆளை மாத்திக்குங்க. ஊடு இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பேஜாரு தாங்காமல் பெல்லின் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டாள்.

பேட்டரி வீணாகக்கூடாதே என்றுதான் இரண்டாவது பொருள் வாங்கினேன். அதுவும் அவசியமாகவே இருந்தது. அதற்கு முந்தின வாரம் உன் அம்மா கடைக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் குக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனாள். நான் குக்கருக்கு எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கடமை என்றால் கடமை. விசில் வரவேயில்லை. திரும்பி வந்தவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, பருப்பா, கரியா?” என்றாள்.

“விசில் வந்தாத்தானே நிறுத்துவேன்” என்றேன்.

“தெரு முனைல வரும்போதே எனக்குக் கேட்டுச்சு! காத இன்னா வாடகைக்கு உட்டுட்டியா?”

விசிலே தேவைப்படாமல், இத்தனை நிமிஷம் என்று நாமே வைத்துவிட்டால் அடிக்கிற சின்ன டைமர் ஒன்று வந்தது. முட்டை மாதிரி அழகாக இருந்தது. பெல்லின் பேட்டரி அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அது அடிக்கும்போது லேசாக அதிரும் என்பதால் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். அதிர்ந்தால் குக்கரை நிறுத்துவேன். இரண்டு நாள் பருப்பு பருப்பாகவே இருந்தது. அப்போது பார்த்து அந்தோணியின் மாமனார் தவறிப்போனார். என்னோடு மில்லில் இருந்த அந்தோணிதான், உனக்குத் தெரியும். செய்தி வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கவரைப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன். பாக்கெட்டில் முட்டை.

சாவு வீட்டில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் தலை குனிந்திருந்தோம். எனக்கு நெஞ்சில் ஒரு அதிர்வு. துக்கம் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒவ்வொருவரும் தன் தன் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறார்கள். சரி, எவனோ ஒரு மரியாதை கெட்டவன் போனை ஆஃப் பண்ணவில்லை என்று தெரிந்துகொண்டேன். என் பக்கத்தில் மணிகண்டன் உட்கார்ந்திருந்தான். முன்பு எங்கள் மில்லில் கிரேன் ஓட்டியவன், மீசையெல்லாம் பெரிசு. அவன்தான் என்று முடிவு பண்ணி, “இன்னா மணி, செத்த ஊட்லகூட போனை நிறுத்த மாட்டியா? பெரிய மனுஷன் மாதிரி மீசை மட்டும் வச்சிக்கினு” என்று காதோடு காதாகத்தான் சொன்னேன். ரகசியமாகச் சொன்னேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஜெபம் நின்றுவிட்டது. மணிகண்டன் என் சட்டைப் பாக்கெட்டைக் காட்டி, “பெருசு, குஞ்சு பொரிச்சிடப் போவுது, எடு அத” என்றான்.

எடுத்தேன். நிறுத்தத் தெரியவில்லை. பட்டன் எல்லாம் கடுகு சைஸ். அந்தோணி அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடி, கைக்குக் கிடைத்த வண்டியில் வீசினான். அது பந்தல்காரர் வண்டி. பழைய பந்தல் சாமானோடு மீஞ்சூருக்குக் கிளம்பிப் போய்விட்டது. என் முட்டை இப்போது மீஞ்சூரில் எந்தக் கல்யாணத்தில் அடித்துக்கொண்டிருக்கிறதோ தெரியாது. நான் கும்மிடிப்பூண்டி திரும்பும் முன்னே இந்தச் செய்தி கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டது. உன் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாவது பொருள் நான் வாங்கியதில்லை, அவள் வாங்கியது. பஜாரில் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு சிலேட்டும், ஒரு டப்பா பல்பமும். இருப்பதிலேயே மலிவு இதுதான். “இனிமே தொண்டத் தண்ணி வத்த நான் கத்த மாட்டேன், படிச்சிக்கோ” என்று அதிலேயே எழுதித் திறப்பு விழா நடத்தினாள். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், கையெழுத்து என்னமோ முத்து முத்தாக இருக்கிறது. முதலில் ‘உப்பு வாங்கி வா’, ‘மோட்டார் நிறுத்து’ என்றுதான் ஆரம்பித்தாள். போகப் போகத் திட்டுவதும் எழுத்தில் வந்துவிட்டது. இடம் போதாவிட்டால் ‘பின்பக்கம் பார்’ என்று போடுகிறாள். முன்பெல்லாம் திட்டினால் திரும்பிக்கொள்வேன், பாதி காற்றில் போய்விடும். இப்போது முழுசும் படிக்க வேண்டியிருக்கிறது. திருமலை காலையில் பேப்பர் படிக்க வருபவன், இப்போதெல்லாம் சிலேட்டைப் படித்துவிட்டுத்தான் பேப்பரைத் தொடுகிறான்.

குறைந்த விலைப் பொருள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மில்லில் சேஃப்டி ஆபீசர் எங்களுக்கு இலவசமாகவே ஒன்று கொடுப்பார். ஆரஞ்சு நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு ஸ்பாஞ்சு. இயர் ப்ளக். காதில் அடைத்துக்கொள்ள வேண்டும் என்று போர்டெல்லாம் எழுதி மாட்டியிருந்தார். இவ்வளவு உபயோகமான பொருளை யாராவது காதில் வைத்து வீணாக்குவார்களா? சுவரில் எறும்பு ஓட்டை இருந்தால் அதை அடைக்கலாம். பேனா மூடி தொலைந்தால் வைக்கலாம். ஜன்னல் கதவு காற்றில் ஆடாமல் இடுக்கில் செருகலாம். எல்லாவற்றையும்விட, லீவு நாளில் நாங்கள் பழவேற்காடு போய்த் தூண்டில் போடும்போது மிதவைக்கு அதைப் போல் வேறு எதுவும் கிடையாது. தண்ணீரில் பளிச்சென்று தெரியும், மீன் தொட்டால் உடனே முங்கும். அந்தோணி மடித்துவிட்ட சட்டைக் கை நிறைய அதைச் சேர்த்து வைத்திருந்தான். காதைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லா ஓட்டையிலும் அதை வைத்துப் பார்த்தவர்கள் நாங்கள். வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததிலேயே மலிவான, சிறந்த பொருள் அதுதான். மீன் நன்றாகவே கிடைத்தது.

ஆகவே மகளே, நான் சொல்லவருவது இதுதான். பெல் இருக்கிறது, பேட்டரி போட்டால் அடிக்கும். டைமர் மீஞ்சூரில் பத்திரமாக இருக்கிறது. சிலேட்டு கையெட்டும் தூரத்தில். இத்தனை வசதி உள்ளவனுக்குக் காது மெஷின் எதற்கு? சனிக்கிழமை டாக்டரை வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. அவருக்கும் லீவு மிச்சம். நீயும் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் அலைய வேண்டாம். என் காது என்னோடு இருக்கட்டும், அது பிறந்ததிலிருந்து என் கூடவே இருக்கிறது. இதில் மாற்றுப் பேச்சு கிடையாது.

மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம் சொல். அவர் அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்குக் கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று. கர்த்தர் உங்கள் வாசலையும் உங்கள் அடுப்பையும் காத்துக்கொள்வாராக. என் பங்குக்கு நான் நம் வீட்டு அடுப்பின் பக்கம் போகாமல் அவருக்கு உதவி செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
இம்மானுவேல்.

பின்குறிப்பு: சனிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுது. போனில் சொல்லாதே, எழுத்தில் அனுப்பு. நான் முதல் ரயிலிலேயே வந்து நிற்கிறேன். ஏன் என்று அம்மாவிடம் கேட்டுவிடாதே. வீடியோவில் அன்றைக்கு நான் கை தட்ட ஆரம்பித்தபோது நீங்கள் எல்லாரும் தட்டி முடித்திருந்தீர்களாம். அதை அவள் மட்டும் கவனித்திருக்கிறாள். போனை வைத்த பிறகு சிலேட்டை எடுத்து, பாப்பா சொன்னதை எழுதிக் காட்டினாள். ‘தாத்தா’. அதை நான் அழிக்க விடவில்லை. வேறு சிலேட்டு இல்லாததால் உப்பு தீர்ந்ததை அவள் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாங்கள் உப்பில்லாத குழம்பு சாப்பிடுகிறோம். பாப்பாவைச் சனிக்கிழமை கட்டாயம் தூக்கிக்கொண்டு வா. மெஷின் மாட்டியதும் இன்னொரு தரம் சொல்லச் சொல். அன்றைக்கு அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது, சோனியா. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.