சிரித்த பதினொரு பேர்

வேலை செய்கிற இடத்தில் கீழே விழுந்தால், விழுந்தபடியே கிடக்க வேண்டும். நாலு பேர் ஓடிவந்து பார்த்து, "ஐயோ" என்று சத்தம் போட்டு, தூக்கிக்கொண்டு போய், ஆபிசில் விபத்துப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை அசையவே கூடாது. இது எனக்குத் தெரியவந்தபோது வயது இருபத்தாறு. அதற்குள் எல்லாம் கெட்டுப்போயிருந்தது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற வேலை எனக்கு. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலை நிரைகளுக்கு நடுவே ஏறி இறங்க வேண்டும். மற்றவர்கள் இரண்டு வாரையும் தோளில் மாட்டி, இடுப்பிலும் இறுக்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் மட்டும் பள்ளிக்கூடப் பை மாதிரி ஒரே தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பேன். (பக்கத்து நிரையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள் அல்லவா? கல்யாணமாகி எட்டு மாதமாகியும் அந்தப் புத்தி போகவில்லை.)

ஒரு மழைக்காலத்துக் காலையில் அதே தோரணையோடு, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மலைக்குக் குறுக்கே வெட்டியிருந்த கானைத் தாண்டினேன். எல்லோரும் பலகை வழியாகத்தான் போவார்கள். நான் பாய்ந்தேன். கால் வழுக்கி, டேங்க் கீழே, நான் மேலே என்று கானுக்குள் மல்லாக்க விழுந்தேன். கையும் காலும் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தன.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். அதிலும் பாக்கியம் அக்கா சிரித்தால் எதிர் மலையில் நாய் குரைக்கும்.

"என்னடா தம்பி, மல்லாந்து படுத்துக்கிட்டு வானத்துக்கா மருந்தடிக்கிற?"

முதுகில் 'சுருக்' என்று ஏதோ இழுத்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் எழுந்து நின்று, "ஒன்னுமில்லக்கா, சும்மா வழுக்கிருச்சு" என்றேன். அத்தோடு விட்டேனா? இன்னும் இரண்டு டேங்க் அடித்து முடித்தேன். கடைசியில் பாக்கியம் அக்காவிடம் போய்க் கெஞ்சினேன்.

"அக்கா, நான் விழுந்தத யாருக்கும் சொல்லிறாதீங்க. வீட்டுல செல்விக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க."

பதினொரு பேரும் மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார்கள். உலகத்திலேயே தன்னுடைய சாட்சிகளின் வாயைத் தானே அடைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் காலையில் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள். மெதுவாக நடக்கலாம், குனியக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது. வேலையில் பட்ட அடி என்று தோட்டத்தில் ஒப்புக்கொண்டால் நட்டஈடு உண்டு, லேசான வேலையும் தருவார்கள். இல்லாவிட்டால் டேங்கைத் தூக்க வேண்டும். தூக்கினால் முதுகு போய்விடும், தூக்காவிட்டால் வேலை போய்விடும்.

கணக்கப்பிள்ளை விபத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இங்க ஒன்னும் பதியலியே. அன்னைக்கு ஒனக்கு முழுப்பேரு, முழு நாள் சம்பளம் விழுந்திருக்கு. முதுகு ஒடஞ்சவன் எப்பிடிடா முழு வேல செய்வான்? வாலிபால் கிரவுண்டுல விழுந்திருப்ப."

பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அக்கா தேயிலைச் செடியைப் பார்த்துக்கொண்டே, "நாங்க ஒன்னும் பாக்கலைங்க" என்று சொல்லிவிட்டார். மற்றப் பத்துப் பேரும் அதே வாசகம். நான் அக்கா குடியிருந்த காம்பராவுக்கே நடந்து போய், சத்தியத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னேன்.

"சத்தியம் ஒன்கிட்டயா பண்ணுனோம்? அம்மன்கிட்டல்ல பண்ணுனோம். ஒன் முதுகுக்காக என் கண்ணு போகணுமாடா?"

தோட்டத்துச் சங்கத் தலைவர் மட்டும் கைவிடவில்லை. நட்டஈட்டு அலுவலகத்துக்கு அவரே ஒரு கடிதம் எழுதினார். அதில் நான் "படுத்த படுக்கையில், திரும்பிப் படுக்கவும் இயலாத நிலையில்" இருந்தேன். ("நடக்கிறேனே தலைவரே" என்றேன். "நடக்கிறவனுக்கு எவன்டா குடுப்பான்? பேசாம இரு" என்றார்.) பதில் வந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி தோட்டத்து ஆபிசுக்கு வருவார்.

இந்த இடத்தில் என் மனைவி செல்வி வழக்கைக் கையில் எடுத்தாள்.

"ஏங்க, இவ்வளவு மாத்திர தின்னும் ஏன் கேக்கல? விழுந்த எடத்துலயே ஒங்க பயம் கெடக்கு. அங்கன போயி சேவல மூனு தடவ தலையச் சுத்தி விட்டாத்தான் ஒடம்ப விட்டுப் போகும்."

"மலையில என்னைய யாராச்சும் பாத்தா?"

"வியாழக்கெழம அம்புட்டுப் பேரும் ஆபிசுல இருப்பாங்க. காலையிலயே போயிட்டு வந்துருவோம்."

கேட்டபோது அது மிகப் பெரிய அறிவாகத் தெரிந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு, கம்பை ஊன்றிக்கொண்டு நான் முன்னால், சேவலோடு செல்வி பின்னால். நல்ல பனிமூட்டம். கான் ஓரத்துக்குப் போவதற்குள் அரை உயிர் போய்விட்டது. விழுந்தவன் கையாலேயே சுற்ற வேண்டும் என்று சேவலை என்னிடம் கொடுத்தாள். இரண்டு சுற்று முடிந்திருக்கும். பனிக்குள்ளிருந்து கணக்கப்பிள்ளையின் குரல் வந்தது.

"இந்தக் கானத்தான் மிஸ் சொல்றான்."

விபத்து நடந்த இடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் விசாரணைக்கு உட்காருவார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான அந்த அதிகாரி அம்மா, கையில் ஃபைலோடு என் எதிரில் வந்து நின்றார். நான் சேவலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன்.

"நீங்கள் ஆர்?"

பேரைச் சொன்னேன். அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார்.

"இதிலை திரும்பிப் படுக்கவும் ஏலாது எண்டு கிடக்கு. நீங்கள் மலையிலை கோழியோடை நிக்கிறியள்?"

"பாத்தீங்களா மிஸ்!" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தீபாவளிக்குக்கூட நான் பார்த்ததில்லை.

சேவல் நழுவிக் கீழே குதித்தது. மூன்றாவது சுற்று பாக்கி இருக்கிறதே என்று, டாக்டர் சொன்னதெல்லாம் மறந்து, குனிந்து பிடிக்கப் போனேன். முதுகில் 'கடக்' என்றது. பாதி மடக்கிய பேனாக்கத்தி மாதிரி அப்படியே நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாயிலிருந்து வந்த சத்தத்துக்குச் சேவலே மிரண்டு பதில் கொடுத்தது. பிறகு கால் வழுக்கி, அதே கானுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. மேல் நிரைகளில் அதே பதினொரு பேரும் கொழுந்துக் கூடையோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

பாக்கியம் அக்காவால் அடக்க முடியவில்லை. மலை அதிரச் சிரித்துக்கொண்டே கத்தினார்.

"அடேய்! அன்னைக்கும் இதே கான்லதானடா விழுந்த! இன்னைக்கு டேங்குக்குப் பதிலா சேவலா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "அம்மா தாயே, வாய் தவறிருச்சு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதிகாரி அம்மா விடவில்லை.

"அண்டைக்கு இவர் விழேக்கை நீங்கள் கண்டனீங்களோ?"

"அன்னைக்குப் பாக்கலன்னீங்களே!" என்று கணக்கப்பிள்ளை குதித்தார்.

"சத்தியம் வாங்கிட்டான் ஐயா. இனி மறைச்சு என்ன? டேங்கோட மல்லாக்க விழுந்தான் மிஸ். வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

"எத்தினை பேர் சிரிச்சனீங்கள்?"

ஒவ்வொருவராக இறங்கி வந்து பெயர் கொடுத்தார்கள். நானும் சிரித்தேன், நான்தான் முதலில் சிரித்தேன் என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்தது. அதிகாரி அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். நான் கானுக்குள் கிடந்து வலியில் அழுதேன். இந்தத் தடவை எழுந்து நிற்க முயலவில்லை. ஒருவேளை பிழைத்துவிட்டோம் என்று அந்த வலியிலும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

கொழுந்து கொட்டுகிற படங்குச் சாக்கில் என்னைப் போட்டு, அந்தப் பெண்கள்தான் மலையிலிருந்து இறக்கினார்கள். ஒரு மூலையைக் கணக்கப்பிள்ளையும் பிடிக்க வேண்டியதாயிற்று. சேவல் எங்களுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவது சுற்று பாக்கி என்பதால் அதை அறுக்கக் கூடாது என்று செல்வி சொல்லிவிட்டாள். கிழடாகிச் செத்தது.

சில மாதம் இழுத்தடித்து, வேலையில் பட்ட அடிதான் என்று முடிவாகிக் கடிதம் வந்தது. நட்டஈடு கிடைத்தது. நாற்று மேடையில் வேலை தந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன், பாரம் என்றால் பூவாளி மட்டும்தான். விசாரணைக் குறிப்பின் பிரதி ஒன்று அலுமாரியில் இருக்கிறது. "மேற்படி நபர் விழுந்தபோது தாங்கள் பதினொருவரும் சிரித்ததாகச் சாட்சிகள் ஒப்புக்கொண்டனர்" என்ற வரியை, வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் எடுத்து வாசித்துக் காட்டுவாள்.

போன மாதம் மழையில் மகள் வாசலில் வழுக்கி விழுந்தாள். பதறிக்கொண்டு ஓடினேன். அவள் அசையவே இல்லை. மல்லாக்கக் கிடந்தபடி அடுப்படிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, மொதல்ல யார் சிரிச்சாங்கன்னு பேர எழுது! அப்புறமா தூக்கலாம்!"

செல்வி நிஜமாகவே பேனாவை எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.