ஷோகேஸ் கண்ணாடி கொடுத்த கேட்

அண்ணனூர்,
திங்கள் இரவு.

அன்புள்ள சுதா அத்தைக்கு,

எழில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். ஆட்டோமேட்டிக் கேட் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அங்கே நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊறுகாய் டப்பாவைத் திருப்பித் தர அம்மா நாளை திருமழிசைக்கு வருகிறார். காலி டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்று முறுக்கு போட்டிருக்கிறார். இந்தக் கடிதம் முறுக்குக்கு அடியில் இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் மன்னிக்கவும். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன், கையெழுத்தையும் மன்னிக்கவும். பேப்பர் அப்பாவின் கேட் ஃபைலில் இருந்து இருட்டில் உருவியது. அப்பா பழைய பிளான் எதையும் கிழித்துப் போடுவதில்லை, பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்பார்.

அத்தை, நான் ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். ஆனால் ஜெயித்துவிட்டேன். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் அப்பா ஃபேக்டரியில் இருந்து வந்து, காரை விட்டு இறங்கி, கேட்டைத் திறந்து, ஏறி, உள்ளே விட்டு, மறுபடி இறங்கிக் கேட்டை மூடுவதற்குள் நனைந்துபோய் ஒருநாள் காய்ச்சலில் படுத்தார் அல்லவா, அன்று முடிவு செய்தார். கேட் உள்பக்கம் திறந்தால் சரிவில் தரை தட்டுகிறது, வெளிப்பக்கம் திறந்தால் தெருவில் போகிறவர் மூக்கில் தட்டும், ஆகவே பக்கவாட்டில் நகர்கிற கேட்தான் என்று கிராஃப் தாளில் பிளான் போட ஆரம்பித்து, இதுவரை பதினொரு பிளான் போட்டாகிவிட்டது. ஒவ்வொன்றின் மூலையிலும் ஃபேக்டரியில் இருப்பதுபோல மூன்று கட்டம்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்றிலும் அப்பாவே கையெழுத்துப் போடுவார். ஆனால் நேர்மையாக மூன்று வேறு பேனாவில் போடுவார்.

போன மாதம் ஒத்திகை பார்த்தோம். அப்பா காரில் உட்கார்ந்து டிவி ரிமோட்டை அழுத்துவார், அம்மா இரண்டு கையாலும் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டாக நகர வேண்டும், நான் சென்சார். குறுக்கே யாராவது வந்தால் "பீப்" என்று கத்த வேண்டும். "கஸ்தூரி, மெதுவா போ! மோட்டர் இவ்வளவு ஸ்பீடா போகாது!" என்று அப்பா காருக்குள் இருந்து கத்த, "அடுப்புல குழம்பு கொதிக்குதுன்னு மோட்டர்கிட்ட சொல்லுங்க" என்று அம்மா கத்த, எதிர்வீட்டு மாடியில் இருந்து ஷோபனா ஆன்ட்டி, "இன்னா கஸ்தூரி, கேட்டு வந்துடுச்சா?" என்று கேட்க, அம்மா கோபத்தில், "வந்துடுச்சு, நான்தான்!" என்று பக்கவாட்டில் வேகமாகப் போய், நான் மூன்று முறை "பீப்" என்று கத்தியும் நிற்காமல், மதிலோரம் நின்ற என் சைக்கிள் மேல் சாய்ந்து, சைக்கிளும் போர்வையும் அம்மாவும் ஒன்றாக விழுந்தார்கள். அப்பா இறங்கி வந்தார். அம்மாவைத் தூக்குவார் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து எழுதினார்: "தடை: சைக்கிள். அகற்றப்படும்."

பன்னிரண்டு அடி கேட் ஒதுங்க பன்னிரண்டு அடிக்கு மேல் இடம் வேண்டும். மதிலோரம் இருப்பது பதின்மூன்றே அடி. வீட்டில் வேறு இடம் இல்லாததால், கேட் வந்ததும் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்கு, நான் ஸ்கூல் வேனுக்கு என்று அப்பா முடிவு செய்தார். எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்ததற்கு நீங்கள் வாங்கித் தந்த சைக்கிள் அத்தை அது! நான் அழுதேன். "அழுகைக்கு பிளான்ல எடம் இல்லம்மா" என்றார் அப்பா.

அன்று சாப்பிடத் தட்டு எடுக்க ஷோகேஸைத் திறந்தேன். ஒரு கண்ணாடி நகர்ந்து இன்னொரு கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றது. நானும் அப்படியே நின்றுவிட்டேன். கேட்டையும் இரண்டு துண்டாகச் செய்து, ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் போய், இரண்டும் சேர்ந்து மதிலோரம் ஒதுங்கினால்? ஆறரை அடி போதும்! மிச்சம் ஆறரை அடி. என் சைக்கிள் ஐந்தே முக்கால்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டாவது பிளானை நானே வரைந்தேன். "வரைந்தவர்" கட்டத்தில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். இதுதான் தப்பு. "சரிபார்த்தவர்" கட்டத்துக்கு அம்மாவிடம் நீட்டினேன். "ஸ்கூல் பேப்பரா?" என்றார். "ம்" என்றேன். இது இரண்டாவது தப்பு. கேஸ் அடுப்பு மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டு, தாளை அப்பாவின் ஃபைலில் செருகிவிட்டேன்.

நேற்று பாடிப் பக்கமிருந்து வெல்டர் வேம்புலி அண்ணன் வந்தார். அப்பா ஃபைலைத் திறந்தார். ஒன்று முதல் பதினொன்று வரை வேம்புலி அண்ணன் மளமளவென்று புரட்டினார். பன்னிரண்டாவதைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "சார், இது செம்மயா கீது சார்! எடமும் மிச்சம், ஒரு ஒரு துண்டும் வெயிட்டு கம்மி. நான் இத்தினி வருசமா கேட்டு செஞ்சிகினு கீறேன், இந்த ரோசனை எனக்கே வரல. யாரு சார் போட்டது?"

அப்பா தாளையே பார்த்தார். காபி கொண்டுவந்த நான் கதவோரம் ஒதுங்கினேன். பிறகு அப்பா தொண்டையைக் கனைத்து, "எங்க டிராயிங் ஆபீஸ்ல போட்டது" என்றார்.

அத்தை, ஜெயித்துவிட்டேன்! வெல்டர் மெச்சிய பிளான், அப்பாவே தன் ஆபீஸ் பிளான் என்று சொல்லிக்கொண்ட பிளான், என்னுடையது! சமையலறைக்குள் போய் சத்தம் வராமல் குதித்தேன்.

ஆனால் நேற்றிலிருந்து அப்பா வீட்டில் இருக்கும்போதெல்லாம் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு அந்த ஃபைலோடு உட்கார்ந்திருந்தார், இன்று சீக்கிரமே தூங்கப் போய்விட்டார். நான் ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவேன், அப்பா போட மாட்டார், அந்தப் பிளானில் நான்கு ஏழு இருக்கிறது. ஃபேக்டரியில் அடுத்தவர் கையெழுத்தைப் போட்டால் மெமோ கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்களாம். வீட்டில் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வேம்புலி அண்ணன் தாளை வாங்க வருவார். அதற்குள் நீங்கள் அப்பாவுக்கு போன் செய்து, காரணம் சொல்லாமல், "எழிலை ஒண்ணும் சொல்லாதே, சைக்கிள் மேல கை வைக்காதே" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். உங்கள் போன் வந்தால் மட்டும்தான் அப்பா எழுந்து நின்று பேசுகிறார்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாக முருகனை வேண்டிக்கொள்கிறேன், அதற்கு முன்னால் என்னையும் காப்பாற்றும்படி வேண்டிக்கொள்கிறேன்.

வெற்றி பெற்ற, ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கிற,
கு. எழில், ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம் அத்தை. கடிதத்தை மடிக்கும்போதுதான் கடைசித் தாளின் முன்பக்கத்தைப் பார்த்தேன். அது பழைய பிளான் இல்லை, என்னுடைய பன்னிரண்டாவது பிளான். "வரைந்தவர்" கட்டத்தில் நான் போட்ட அப்பாவின் கையெழுத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, அழகாக "செல்வி கு. எழில்" என்று எழுதியிருக்கிறார். கீழே: "யோசனை நன்று. சைக்கிளின் கைப்பிடி அகலம் குறிக்கப்படவில்லை. குறித்து மீண்டும் சமர்ப்பிக்கவும்." ஆகவே அந்தத் தாள் டப்பாவுக்குள் வராது, காலையில் அப்பா கையில்தான் போக வேண்டும்; அதில் உங்களுக்கு எழுதியதை இந்த வேறு தாளில் நகல் எடுத்து அனுப்புகிறேன். அதன் பின்பக்கம் நான் எழுதியதையும் அவர் படிக்காமல் விடமாட்டார். அப்புறம் அவரே உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார், அப்போது ஒன்றும் தெரியாதவர்போல இருங்கள். கைப்பிடி இருபத்து மூன்று அங்குலம். இப்போதுதான் போய் அளந்துவிட்டு வந்தேன்.