நஸீறாவின் கலியாணமும் அமெரிக்க யானையும்

மாப்பிள்ளை தயார். வீடும் தயார், சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்தாயிற்று. யானை வெல்வது ஒன்றுதான் பாக்கி.

"பந்தல்காரன் திரும்பவும் வந்து நிக்கிறான். என்ன சொல்லி அனுப்புற?" என்று கேட்டாள் மனைவி றுகையா.

"அடுத்த எலெக்சன் முடியட்டும் எண்டு சொல்லு," என்றார் அச்சிமுகம்மது.

"அதுக்கு அஞ்சு வருசம் கிடக்கு. அதுக்குள்ள நஸீறாக்குத் தலை நரைச்சிரும்."

சாய்ந்தமருதில் வீட்டோடு சேர்ந்த, சாரம் விற்கும் துணிக்கடை அச்சிமுகம்மதுவுடையது. சொன்ன சொல் தவறாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயர்தான் இப்போது குடும்பத்தின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. 1956 ஏப்ரல் தேர்தலில் அவர் யானைக் கட்சி. றுகையாவின் அண்ணன் ஜவுபர் எதிர்க் கட்சி. நடுத்தெருவில் இருவருக்கும் வாய் முற்றி, "யானை வெல்லாம என்ட வாசல்ல கலியாணப் பந்தல் நாட்டமாட்டன், அல்லாஹ் மேல சத்தியம்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். யானை நாடு முழுக்க மண்ணைக் கவ்வியது. மகள் நஸீறாவுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை சாலிஹ், அந்த ஜவுபரின் மகன்தான். ஜவுபரும் லேசுப்பட்டவர் அல்ல. வருடம் முடிவதற்குள் பந்தல் நாட்டாவிட்டால் மருதமுனையில் பெண் பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். நஸீறா வாப்பாவோடு கதைப்பதையே விட்டிருந்தாள்.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்துப் புண்ணியமூர்த்தி மாஸ்டர் சாரம் வாங்க வந்தார். கையில் இங்கிலிஷ் பத்திரிகை.

"காக்கா, அமெரிக்காவிலயும் எலெக்சன். இருக்கிற ஜனாதிபதியே திரும்பவும் நிக்கிறார். படத்தைப் பாருங்க."

படத்தில் வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஒரு யானைமேல் இருந்தார்.

"யானை ஏன் மாஸ்டர்?"

"அவர்ர கட்சிக்கு அதுதான் அடையாளம்."

திரைக்குப் பின்னாலிருந்து றுகையாவின் குரல் வந்தது. "யானை வெல்லாம எண்டுதானே சொன்ன நீங்க. எந்த ஊர் யானை எண்டு சொல்லல்லையே."

அச்சிமுகம்மது தன் சத்தியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சொல்லத்தான் இல்லை.

அன்றே அந்தப் படம் கடைச் சுவரில் ஏறியது. அமெரிக்க ஜனாதிபதிக்குச் சாய்ந்தமருதில் ஓர் ஆள் கிடைத்துவிட்டார். மாஸ்டர் பின்னேரங்களில் வந்து பத்திரிகையை வாசித்துச் சொல்வார். ஊர் ஊராகப் பறந்துபோய் ஜனாதிபதி சனங்களுக்கு முன்னால் நிற்கிறார், கையசைக்கிறார், வாக்குக் கேட்கிறார்.

"பெரிய யுத்தத்தை வெண்ட ஜெனரல் எண்டு சொன்னீங்களே மாஸ்டர். அவருமா சனத்துக்கிட்ட வந்து கேக்கணும்?"

"ஓம் காக்கா. சனம் வேணாமெண்டா வீட்ட போகத்தான் வேணும்."

அச்சிமுகம்மதுவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கே ஊர் அதிகாரியான விதானையார்கூடச் சைக்கிளை விட்டு இறங்கி யாரோடும் கதைத்தது கிடையாது. உலகத்தையே கட்டி ஆளும் மனிதர் ஒரு விவசாயியின் முன்னால் நின்று சிரிக்கிறாராம். யானை, சத்தியம் எல்லாவற்றையும் மறந்து அவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஆளுக்குச் சுகமில்ல," என்றார் மாஸ்டர். "போன வருசம் நெஞ்சு வருத்தம். இந்த வருசம் வயித்தில ஒபரேசன்."

 அந்த வெள்ளியே அச்சிமுகம்மது பள்ளிவாசல் லெப்பையை அழைத்து, ஜனாதிபதியின் உடல் நலத்துக்காகக் கந்தூரிச் சாப்பாடு கொடுத்தார். றுகையா நெய்ச்சோறு ஆக்கினாள். லெப்பை கண் கலங்கத் துஆக் கேட்டார். அடுத்த வெள்ளியும் கந்தூரி. அதற்கடுத்த வெள்ளியும்.

செய்தி ஜவுபருக்குப் போனது. அமெரிக்காவில் யானைக்கு எதிர்க் கட்சியின் அடையாளம் கழுதை என்று விசாரித்தறிந்து, எதிர்வரிசையிலிருந்த தன் கடை வாசலில் பெரிய கழுதைப் படம் ஒன்றைத் தொங்கவிட்டார். மகனின் கலியாணம் வேறு, யானை வேறு என்பது அவர் கட்சி. தெரு இரண்டுபட்டது. ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அப்போதுதான் எகிப்தில் குண்டு விழுந்தது. சூயஸ் கால்வாய்க்காக இங்கிலாந்தும் பிரான்சும் சண்டைக்கு இறங்கிவிட்டன. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்த சனம் நேரே அச்சிமுகம்மதுவின் கடைக்குள் நுழைந்தது.

"முதலாளி, வெள்ளக்காரன்ட படத்தைக் கழட்டுங்க."

"இவரு வேற வெள்ளக்காரன்."

"எல்லாரும் ஒண்டுதான். கழட்டுறீங்களா, நாங்க கழட்டவா?"

அச்சிமுகம்மது படத்தை மறைத்துக்கொண்டு நின்றார். படம் போனால் கலியாணமும் போச்சு. வேறு வழி தெரியாமல் பெட்டரி ரேடியோவைத் திருகினார். செய்தி போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி, தன் சொந்தக் கூட்டாளிகளான இங்கிலாந்தையும் பிரான்சையும் பார்த்து, செய்தது பிழை, சண்டையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

 நாளை மறுநாள் வாக்கெடுப்பு. இந்த நேரத்தில் கூட்டாளியைப் பகைக்கும் துணிச்சல் எந்த மனிதனுக்கு வரும்? கழட்ட வந்தவர்கள் அந்தச் சிரித்த முகத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஜவுபர் தெருவைக் கடந்து வந்தார். ஏப்ரலுக்குப் பிறகு அவர் அந்தப் படியேறியது அன்றுதான்.

"மச்சான், ரேடியோவைக் கொஞ்சம் கூட்டுங்க," என்றார்.

ஜனாதிபதி வென்றார். சும்மா அல்ல, அள்ளிக் குவித்து வென்றார். பந்தல்காரன் ஓடிவந்தான், லெப்பைக்குச் சாப்பாடு வைத்தார்கள், நஸீறா வாப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். முதல் கம்பத்துக்குக் குழி தோண்டும்போது மாஸ்டர் பத்திரிகையும் கையுமாக வந்தார்.

"காக்கா, ஒரு சிக்கல். ஜனாதிபதி வெண்டது உண்மைதான். ஆனா அவங்கட பாராளுமன்றத்தில கழுதைக்குத்தான் இடம் கூட."

அச்சிமுகம்மது கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். "அப்ப யானை வெண்டதா, வெல்லல்லையா?"

மாஸ்டருக்குத் தெரியவில்லை. ஜவுபருக்கும் தெரியவில்லை. றுகையா திரைக்குப் பின்னால் அழத் தொடங்கினாள். கடைசியில் எல்லோரும் நெய்ச்சோற்றுக்கு முன்னால் இருந்த லெப்பையைப் பார்த்தார்கள். இத்தனை மாதத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

"லெப்பை, என்ட சத்தியம் என்னாகிற?"

"சத்தியத்த முறிச்சா பத்து ஏழைக்குச் சோறு குடுத்தாப் போதும், முதலாளி. ஏப்ரல்லயே முடிச்சிருக்கலாம்."

அச்சிமுகம்மதுவின் கையிலிருந்த கம்பம் சரிந்தது. "அப்ப ஏன் இவ்வளவு நாளும் வாய் திறக்கல்ல?"

லெப்பை கை கழுவி, சால்வையில் துடைத்து, சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பாசத்தோடு பார்த்தார்.

"திறந்திருந்தா நீங்க கந்தூரிய நிப்பாட்டியிருப்பீங்க, பாவம், அந்த மனுசன் தோத்துப் போயிருப்பாரு."