அக்காவுக்குக் கூச்சம் இல்லை, மாமா

ஈப்போ அமிர்தலிங்கம் மாமாவுக்கு, தேயிலை மலைமேலிருந்து அகிலன் பணிவுடன் எழுதுவது.

இங்கே மழை. அம்மா, அக்கா, நான் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. ஆகவே கடிதம்.

நீங்கள் ஏற்பாடு செய்தபடி லெம்பா பெர்த்தாம் ஊர் மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறன்று பூவிழி அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது, 'பொண்ணு கொஞ்சம் கூச்சம்' என்றால் போதும் என்பது உங்கள் கட்டளை. அம்மா அப்படியே சொன்னார். அக்கா தேநீர்த் தட்டுடன் வந்தாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை, யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள், அடுப்படியில் குக்கர் கத்தியது, புடவை ஜரிகை கழுத்தை அறுத்தது. மாப்பிள்ளையின் அம்மா இராசம்மாவோ உருகிவிட்டார்.

"தலையே நிமிரல பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு அடக்கமா? எனக்குப் புடிச்சிருக்கு லா."

அம்மா என்னைப் பார்த்தார். உண்மையை நானாவது சொல்லியிருக்க வேண்டும். மனத்திற்குள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் "தண்ணி வேணுமா?" என்றுதான் வந்தது. அதையும் மாப்பிள்ளையின் காலுறையிடம் கேட்டேன்.

மாமா, கூச்சம் என்பது அது. எனக்குச் சொல்லத் தெரியும். என்ன நினைப்பார்களோ என்று பயம். எல்லோரும் போனதும் சரியாகிவிடும். அக்காவுக்கு அந்தப் பயமே கிடையாது. அவளை வாட்டுவது சத்தம், வெளிச்சம், சொல்லாமல் மாறும் திட்டம், ஒன்றை நினைத்து இன்னொன்றைச் சொல்லும் நம் பேச்சு. ஆளில்லாத வீட்டிலும் சட்டை லேபிள் அவளைக் குத்தும். தைரியம் சொன்னால் போகிற விஷயமில்லை.

அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இராசம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வெட்கம் இல்ல அத்தை. ஆட்டிசம். மூணு வருஷம் முன்னாடி டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. கூச்சம்னு சொல்லச் சொன்னது மாமா. ஒவ்வொருத்தரா பேசுங்க, பதில் சொல்றேன்."

"அப்ப என் புள்ளைய ஏம்மா பாக்கல?"

"முகத்தப் பாத்தா பேசுறது காதுல ஏறாது. கேக்கணும்னுதான் பாக்கல."

மாப்பிள்ளை தர்மேந்திரன் அவள் வேலையைப் பற்றிக் கேட்டார். ஃபேக்டரியில் தேயிலைத் தூளைத் தரம் பிரிப்பதை இருபது நிமிடம் விளக்கினாள். யாரும் எழுந்திருக்கவில்லை. என் அக்கா என்று சத்தமாகச் சொல்லத் தோன்றியது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள் அக்கா.

ஆகவே மாமா, இனி வரன் பார்க்க வேண்டாம். கல்யாணம் அவளுக்கு ஒத்துவராது. இதுவே எங்கள் முடிவு.

அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு. உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
அகிலன்

பி.கு.: அக்கா இதைப் படித்தாள். "கல்யாணம் வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? மாமா எனக்காக கூச்சம்னாரு. நீ எனக்காக வேணாங்கிற. ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றாள். ஆகவே மேலே உள்ள முடிவைத் தள்ளிவிடவும். கீழே அவள் கையெழுத்தில் அவள் போன் நம்பர். இனி அவளிடமே கேளுங்கள்.